உலகாயதனும் சைவரும்: கடவுள் உண்டா என்ற பழைய வழக்கு

(திரையில்: தலைப்பு, ஓலைச்சுவடி)

வணக்கம். கடவுள் உண்டா, இல்லையா? இந்த வழக்கில் இரு தரப்பும் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எதைச் சான்றாக ஏற்பது என்று பேசி முடிக்காமலே வாதத்தில் இறங்கிவிடுகிறார்கள். பழைய தமிழ் நூல்களில் அந்தப் பேச்சு முதலிலேயே வந்துவிடும்.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். தவசி உருவத்தில் வஞ்சி நகருக்குப் போகும் அவள், சமயவாதிகளிடம் ஒவ்வொருவராகக் கொள்கை கேட்கிறாள். முதலில் பேசுகிறவர் அளவைவாதி. ஒன்றை அறிய என்னென்ன வழிகள் உண்டு என்று அடுக்குகிறார். கடைசியில் வருபவன் பூதவாதி. ஆத்திப் பூவும் வெல்லமும் சேர்ந்தால் மதுவில் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள், அதாவது நிலம், நீர் போன்ற அடிப்படைப் பொருள்கள், கூடினால் உணர்வு பிறக்கும், கண்ணால் காண்பதே சான்று, மறுபிறவி பொய் என்கிறான். அவள் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால், அதாவது ஊகித்து அறிவதால், அல்லாமல் எப்படி அறிவாய்?

சரியான மடக்கு. அதற்காக அவளை ஆத்திகர் அணியில் சேர்த்துவிடாதீர்கள். அவள் பௌத்தத் துறவி. உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் பௌத்தத்தில் கிடையாது.

(திரையில்: 13ஆம் நூற்றாண்டு)

அடுத்து அருணந்தி சிவாச்சாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார். பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் 14 எதிர்க்கொள்கைகள் வருகின்றன. முதலில் நிற்பவன், கண்ணால் காண்பதையே நம்பிக் கடவுளை மறுக்கும் உலகாயதன். அவன் கட்சியை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் ஆசிரியர் மறுக்கத் தொடங்குகிறார்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்த இடம், தன் கொள்கையை நிறுவும் பகுதியான சுபக்கத்தில் முதல் சூத்திரத்தின் தொடக்கம். உலகம் தோன்றி, நின்று, அழிகிறது. ஆகவே தருபவன் ஒருவன் வேண்டும் என்கிறது முதல் பாட்டு. உடனே உலகாயதன் பக்கத்திலிருந்து எதிர்க்கேள்வி: தோற்றமும் முடிவும் உண்டென்று எப்படிச் சொல்கிறீர்? உலகம் எப்போதும் இருப்பதுதானே? அருணந்தியின் பதில், "இதற்கு யான் அனுமானாதி எடேன்." அதாவது, அனுமானம் முதலியவற்றை இங்கே எடுக்கவே மாட்டேன், பொருள்கள் தோன்றி மறைவதைக் கண்ணாலேயே காண்கிறோமே என்கிறார். எதிராளி ஏற்காத ஆயுதத்தைத் தானாகவே கீழே வைத்துவிட்டு, அவன் ஏற்கும் சான்றை மட்டும் வைத்து வாதாடுகிறார். எவ்வளவு பெரிய நேர்மை!

அவனும் விடவில்லை. தோன்றி மறைவது உலகத்தின் இயல்பு, பூதங்கள் தாமே செய்துகொள்ளும் என்கிறான். அறிவில்லாத பொருள் தானாக எதையும் செய்யாது, செய்பவன் ஒருவன் வேண்டும் என்கிறார் இவர்.

(திரையில்: 1948, பிபிசி வானொலி)

ஏறக்குறைய இதே இடத்தில்தான் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இயேசு சபைப் பாதிரியார் காப்பிள்ஸ்டனும் முட்டிக்கொண்டார்கள். தன் இருப்புக்கான காரணத்தைத் தன்னுள்ளேயே கொண்ட ஒன்று வேண்டும் என்றார் பாதிரியார். பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார் ரஸ்ஸல். ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் உண்டு என்றாகுமா என்றும் கேட்டார்.

என் கணிப்பில் உலகாயதன் கை இன்று ஓங்கியிருக்கிறது. அணுக்கள் கூடுவதையும் பிரிவதையும் தனியாக ஒரு செய்பவன் இல்லாமலே இயற்பியல் தன் விதிகளால் விளக்குகிறது. அப்புறம் அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று சைவர் கேட்பார். அதற்கு அவன் சார்பில் உங்கள் பதில் என்ன? சுபக்கம் முதல் சூத்திரத்தின் முதல் மூன்று பாடல்களைப் படித்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.