நூலைப் பிடித்துப் போனால் பரிசு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனை முடிந்து வந்த கையோடு பரிசுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால், ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். எதை யார் கொடுத்தது என்றுகூடத் தெரியாது. ஆளுக்கு ஒன்றாக, நிதானமாகப் பிரிக்க வைக்க வேண்டுமா? அதட்டல் பலிக்காது, விளையாட்டு பலிக்கும். அதற்கு முன் ஆப்பமோ இட்லியோ வயிற்றுக்குள் போகட்டும். தூக்கக் கலக்கமும் பசியும் சேர்ந்தால் எந்த விளையாட்டும் அழுகையில்தான் முடியும்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாலைந்து பேர் கூடும் வீட்டுக்கு நூல் வலையைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளைக்கு ஒரு நிறம் என்று கம்பளி நூல் வாங்குங்கள். நடுத்தரத் தடிமனில் 50 கிராம் உருண்டை ஏறக்குறைய 100 மீட்டர் வரும். சாதாரண ஹாலுக்கு ஒரு பிள்ளைக்கு 15 மீட்டர் போதும். ஒரு முனையில் பரிசைக் கட்டி, சோபாவுக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ வைத்துவிடுங்கள். அங்கிருந்து நூலை நாற்காலிக் கால், சன்னல் கம்பி, மேசைக் கால் என்று சுற்றிக்கொண்டு வந்து, வாசல் பக்கம் ஒரு அட்டைத் துண்டில் முடியுங்கள். அட்டையில் பிள்ளையின் பெயர். அந்த அட்டையிலேயே நூலைச் சுற்றிக்கொண்டு போனால் பரிசு வந்துவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நூலைப் போடும் வரிசையில். முதலில் போட்ட நூல் எல்லாவற்றுக்கும் அடியில் மாட்டிக்கொள்ளும், கடைசியில் போட்டது தடையில்லாமல் வரும். அதனால் பெரிய பிள்ளையின் நூலை முதலிலும், கடைக்குட்டியின் நூலைக் கடைசியிலும் போடுங்கள். ஒரு நூல் மற்றவற்றை மூன்று நான்கு இடத்துக்கு மேல் குறுக்கே தாண்டக் கூடாது. "இழுக்காதே, சுற்று" என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். இழுத்தால் குறுக்கிடும் இடம் இறுகி முடிச்சாகிவிடும்.

நூல் பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். கழுத்து உயரத்தில் ஒரு நூல்கூட வேண்டாம், கணுக்காலிலும் வேண்டாம், தடுக்கி விழுவார்கள். நைலான் கயிறு, தூண்டில் நரம்பு இரண்டும் கையை அறுக்கும். கம்பளி நூல் பலமாக இழுத்தால் அறுந்துவிடுகிறதே என்று குறைப்பட வேண்டாம், அதுதான் நமக்கு நல்லது. மின்விசிறியில் நூலைக் கட்டவே கட்டாதீர்கள். யாராவது பழக்கத்தில் போட்டுவிடாமல் சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த விளையாட்டே வேண்டாம்.

அங்கே பார்சல் கைமாற்று சரியாக இருக்கும். ஒரே பரிசைப் பல சுற்றுக் காகிதத்தில் பொதிந்து, பாட்டு ஓடும்வரை வட்டமாக உட்கார்ந்து கைமாற்றுவது; பாட்டு நிற்கும்போது யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு சுற்றைப் பிரிப்பார். ஐந்து பிள்ளைகள் என்றால் ஆளுக்கு இரண்டு முறை வர பத்துச் சுற்று, நடுவில் பரிசு. செய்தித்தாளையும் வண்ணத்தாளையும் மாறி மாறிச் சுற்றினால் ஒரு சுற்று எங்கே முடிகிறது என்று தெரியும். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு டேப் துண்டு. பெரியவர்கள் டேப்பை அள்ளி ஒட்டிவிடுவார்கள், பிறகு கத்தரிக்கோல் தேட வேண்டியதுதான். சுற்றுக்கு ஒரு மிட்டாய் வைத்தால் யாரும் வெறுங்கையோடு நிற்க மாட்டார்கள். பாட்டை நிறுத்துபவர் பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, விடுபட்ட பிள்ளையிடம் பார்சல் வரும்போது நிறுத்த வேண்டும். அது கள்ளாட்டம்தான், இருக்கட்டும். உள்ளே இருக்கும் பரிசு எல்லாருக்கும் பொதுவானதாக, கேரம் காயோ பல்லாங்குழியோ மாதிரி இருந்தால் சண்டை இல்லை.

நெதர்லாந்தில் டிசம்பர் 5 மாலை சின்டர்கிளாஸ் (அங்கே பரிசு கொண்டுவருபவராகச் சொல்லப்படும் புனித நிக்கோலஸ்) பெயரில் கொடுக்கும் பரிசுகளோடு, வாங்குபவரைக் கேலி செய்யும் பாட்டு ஒன்றையும் வைப்பார்கள். அதை எல்லாருக்கும் கேட்கும்படி படித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். நமக்கு விடுகதை இருக்கிறதே! "ஓயாமல் நடப்பான், ஓரடி நகரமாட்டான்" என்று சீட்டில் எழுதினால் பிள்ளை சுவர்க் கடிகாரத்துக்கு ஓடும், அடுத்த சீட்டு அங்கே. ஒரு பரிசுக்கு நாலு சீட்டு போதும். ஏழெட்டைத் தாண்டினால் பெரியவர்களே கண்டுபிடித்துச் சொல்லும் நிலை வந்துவிடும்.

பெட்டிக்குள் பெட்டி, கடைசியில் காலி என்ற வேடிக்கை சின்னப் பிள்ளைகளிடம் வேண்டாம். அவர்களுக்கு அது வேடிக்கை இல்லை, ஏமாற்றம். பலூனுக்குள் சீட்டு வைத்து உடைப்பதானால் ரப்பர்த் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், தொண்டையில் அடைக்கும்.

பாட்டுப் பாடும் பொம்மைகளில் பொத்தான் பேட்டரி இருக்கலாம். மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எந்தப் பரிசு யாரிடமிருந்து வந்தது என்று எழுதிக்கொள்ளட்டும். மாலையில் பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் போன் போடும்போது தேவைப்படும். கிழித்த காகிதக் குவியலை ஒருமுறை உதறிப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள். பொம்மைக் காரின் ஒரு சக்கரமாவது அதற்குள் கிடக்கும்.