பீட்டா செல்லின் சுமை

நேயர்களுக்கு வணக்கம். நீரிழிவு என்றாலே இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் அளவைப் பற்றித்தான் பேசுகிறோம். அதைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினைச் சுரக்கிற பீட்டா செல்கள் எப்படி நலிகின்றன என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் கணையத்தில் கண்டு விவரித்த திட்டுகளில் இச்செல்கள் உள்ளன. சர்க்கரை ஏறும் வேளையில் ஒரு பீட்டா செல் நிமிடத்துக்கு, இன்சுலினின் முன்வடிவமான புரோஇன்சுலின் மூலக்கூறுகளை ஏறத்தாழ 10 லட்சம் உருவாக்க வல்லது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 86 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலி ஒவ்வொன்றும், எண்டோபிளாச வலை என்னும் சவ்வறைகளுக்குள் பிசகின்றி மடிந்து, மூன்று கந்தகப் பிணைப்புகளும் உரிய இடத்தில் அமைந்த பிறகே, 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினாக வெட்டப்படும். இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காமல் போகும்போது தேவை பெருகுகிறது. அவசரத்தில் தவறாக மடிந்த புரதங்கள் அந்த அறைகளில் தேங்குகின்றன. இதைத்தான் செல் அழுத்தம் என்கிறோம்.

செல் உடனே இறந்துவிடுவதில்லை. பெர்க் என்ற உணர்வுப் புரதம் உற்பத்தியைத் தற்காலிகமாகக் குறைத்து, தேக்கம் தீர அவகாசம் தருகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு, வோல்காட்-ராலிசன் என்னும் அரிய நோயில், பெரும்பாலும் பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. பீட்டா செல்லுக்கு ஓய்வு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஓய்வுக்கு வழியில்லாமல் அழுத்தம் நீடித்தால், அதே காப்பு ஏற்பாடு திசை மாறிச் செல்லைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது.

அழற்சி இந்த இடத்தில்தான் குறுக்கிடுகிறது. நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும் இண்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற சைட்டோகைன்கள் என்னும் சமிக்ஞைப் புரதங்கள், பீட்டா செல்லுக்குள் நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்குகின்றன. அது எண்டோபிளாச வலைக்குள் கால்சியத்தை ஏற்றும் பம்புகளைக் குறைக்கிறது. கால்சியம் குறைந்தால் புரத மடிப்பு மேலும் கெடுகிறது. நலிந்த செல்லோ தன் பங்குக்கு அழற்சிச் சமிக்ஞைகளை அனுப்பி, மேலும் நோயெதிர்ப்புச் செல்களை வரவழைக்கிறது. ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் பீட்டா செல்லில் இயல்பிலேயே மிகக் குறைவு என்பதால், இந்தச் சுழலிலிருந்து அது எளிதில் மீள்வதில்லை.

முதல் வகை நீரிழிவில் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் பீட்டா செல்களை நேரடியாகத் தாக்குகின்றன என்பது உண்மையே. ஆனால் அழுத்தத்தால் உருமாறிய புரதங்கள் அந்நியமாகத் தோன்றித் தாக்குதலைத் தூண்டக்கூடும் என்பதால், பீட்டா செல்லை வெறும் பலியாள் என்று கருதுவது பாதி விளக்கமே என்பது என் கருத்து. இரண்டாம் வகையில் அழற்சி மெல்லியது, ஆனால் நீடித்தது. கொழுப்பு அமிலங்களும், திட்டுகளில் படியும் அமிலின் என்ற புரதமும் அதை வளர்க்கின்றன.

இந்தப் புரிதல் சிகிச்சையையும் தொட்டிருக்கிறது. இண்டர்லூக்கின்-1 செயலைத் தடுக்கும் அனகின்ரா, இரண்டாம் வகை நோயாளிகளில் இன்சுலின் சுரப்பை மேம்படுத்தியதாக 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது. முதல் வகை நோய் முற்றுவதைத் தள்ளிப்போட, டி செல்களைக் கட்டுப்படுத்தும் டெப்லிசுமாப் மருந்துக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. இன்சுலின் ஊசியைக் கடைசிக் கட்டம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட தொடக்கத்திலேயே, மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் தீவிரமாக இன்சுலின் கொடுத்துப் பீட்டா செல்லின் சுமையை இறக்கியபோது, அதன் பின் பல மாதங்கள் மருந்தின்றியே சர்க்கரை கட்டுக்குள் இருந்த நோயாளிகளும் உண்டு.