முடிச்சுட்டேன் சார்

நேயர்களுக்கு வணக்கம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தும் எல்லோருக்கும் பழக்கமான ஒரு குரல் உண்டு. நாம் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் பின்னாலிருந்து 'முடிச்சுட்டேன் சார்' என்று கேட்கும். அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இன்னும் பத்துக் கணக்கு போடு என்கிறோம். மற்றவர்கள் நோட்டைத் திருத்தச் சொல்கிறோம். வகுப்புத் தலைவராக்கி, சத்தம் போடுகிறவர்கள் பெயரை எழுதச் சொல்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருக்கும்போது ஆசிரியரின் கவனம் அவர்கள் பக்கம் போவது நியாயம்தான். ஆனால் வேகமான பிள்ளைக்கு இந்த மூன்று வருடமும் காத்திருப்பிலேயே போய்விடுகிறது. யோசிக்காமலே நூறு வாங்கிப் பழகிவிடுகிறது. அப்புறம் பதினொன்றாம் வகுப்பில் முதல்முறையாக ஒரு கணக்கு வரவில்லை என்றதும், தனக்குக் கணக்கே வராது என்று ஒதுங்கிக்கொள்கிறது. அப்படி ஒதுங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம்தான் என்னைப் பேசவைக்கிறது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். 1971இல் கணிதத் திறன் மிகுந்த சிறுவர்களைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை, பதினேழு வயதில் கல்லூரி சேர்க்கைக்காக எழுதும் தேர்வை எழுதவைத்தார். காரணம் எளிமையானது. தன் வகுப்புத் தேர்வில் எல்லாக் கெட்டிக்காரப் பிள்ளைகளும் 95க்கு மேல் வாங்கிவிடுகிறார்கள். அதற்கு மேல் யார் எவ்வளவு தூரம் போவார்கள் என்று அந்த வினாத்தாளால் காட்ட முடியாது. கடினமான தேர்வில்தான் வித்தியாசம் தெரிந்தது. அவர் சொன்ன கற்பிக்கும் முறையும் நமக்குப் பொருந்தும்: முதலில் சோதித்துப் பார், எது தெரியவில்லையோ அதை மட்டும் நடத்து.

இதை நம் வகுப்பிலும் செய்யலாம். பாடம் தொடங்கும் முன்பே அந்தப் பாடத்தின் கடைசிப் பயிற்சியைக் கொடுங்கள். சரியாகப் போட்டுவிட்டால் அந்த வாரம் அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை. என்ன வேலை? ஒன்று சொல்கிறேன். 1ஐ 7ஆல் வகுக்கச் சொல்லுங்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் 142857 என்ற ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். 2ஐ 7ஆல் வகுத்தால் 285714. அதே இலக்கங்கள், தொடங்கும் இடம்தான் வேறு. சரி, 13ஆல் வகுத்தால்? அங்கேயும் ஆறு இலக்கம்தான். ஆனால் 1ஐ வகுத்தால் 076923, 2ஐ வகுத்தால் 153846. இரண்டும் வேறு வேறு கூட்டம். 11க்கு இரண்டே இலக்கம், 17க்குப் பதினாறு. எத்தனை இலக்கம் திரும்ப வரும் என்று வகுத்துப் பார்க்காமலே சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். வகுத்தலும் மீதியும் தெரிந்தாலே தொடங்கிவிடலாம். ஆனால் முழு விடைக்கு எட்டாம் வகுப்பைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும். பிள்ளை திணறும். திணறட்டும், அது அதற்கு இதுவரை கிடைக்கவே கிடைக்காத அனுபவம்.

எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் இருக்கிறதே என்பீர்கள். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு மிக நல்ல திட்டம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகள் கிடைக்கிறது. ஏழை வீட்டில் ஒரு பெண் பிள்ளையின் படிப்பு நிற்காமல் தொடர இது பெரிய பலம். ஆனால் பல பள்ளிகளில் அந்தப் பயிற்சி, பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்வதாகச் சுருங்கிவிட்டது. பணம் படிப்பைத் தொடரவைக்கும். பிள்ளையின் அறிவுக்குத் தீனி வகுப்பறையில்தான் கிடைக்க வேண்டும். அறிவியலிலும் கணக்கிலும் செய்து பார்த்துக் கற்பதற்காக 2022இல் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வானவில் மன்றம் என்ற திட்டம் வந்திருக்கிறது. அந்த நேரத்தை இதற்குப் பயன்படுத்தலாம்.

பெற்றோருக்கும் ஒன்று. திறமை எல்லாப் பாடத்திலும் சமமாக இருக்காது. கும்பகோணத்தில் சிறுவன் ராமானுஜன், பெரியவர்கள் படிக்கும் திரிகோணவியல் புத்தகத்தை இரவல் வாங்கி, பதின்மூன்று வயதுக்குள் கற்றுத் தேர்ந்தார். அதே ராமானுஜன் பின்னால் கல்லூரியில் ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தார். ஆங்கிலத்தில் மார்க் குறைந்தால் ஆங்கிலத்துக்கு உதவி செய்யுங்கள். அதற்குத் தண்டனையாகக் கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கி வைக்காதீர்கள்.

நடுநிலைப் பள்ளியில் எட்டோடு வகுப்பு முடிந்துவிடுகிறது, மேல் வகுப்புக் கணக்குக்கு எங்கே போவது என்று ஆசிரியர்கள் கேட்கலாம். பக்கத்து உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியரிடம் பேசுங்கள். வாரம் ஒரு மணி நேரம் அவர் கொடுத்தாலும் போதும். ஒன்பதாம் வகுப்புப் பாடநூலை இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அடுத்த திங்கட்கிழமை அதன் முதல் பாடத்தை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். வணக்கம்.