துணிச்சலைக் கற்றுத்தருவது அறிவுரையா, விளையாட்டா? – 'விளையாட்டே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மயிலாப்பூர் வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எதிரணி அம்மா ஒரு போடு போட்டார். "வைகுண்ட ஏகாதசிக்கு விடிய விடியப் பரமபதம் ஆடினோமே, யாருக்கு நெஞ்சுரம் வந்தது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன். அவர் சொன்னது சரி. ஏணிக்கு அடியில் நற்குணம், பாம்பின் தலையில் தீக்குணம் எழுதியிருக்கும். ஆனால் ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டை பார்த்துச் செய்கிற வேலை. ஆடுகிறவர் எதையுமே முடிவு செய்வதில்லை. அப்புறம் எங்கிருந்து துணிச்சல் வரும்?

கிழவிக்கு உதவினால் 50 புள்ளி என்று விளையாட்டு செய்தாலும் இதே கதைதான். அது அறம் இல்லை ஐயா, வட்டிக் கணக்கு!

நல்லது செய்தால் கையைக் கடிக்க வேண்டும். விளையாட்டை அப்படி வடிவமைக்க முடியும் என்பதே எங்கள் கட்சி. 2013இல் லூகாஸ் போப் என்பவர் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்று ஒரு கணினி விளையாட்டைக் கொண்டுவந்தார். அதில் நீங்கள் எல்லைச் சாவடியில் முத்திரை குத்தும் ஊழியர். எத்தனை பேரைச் சரியாகச் சோதித்து முடிக்கிறீர்களோ அதற்குத்தான் கூலி. வாடகை, சாப்பாடு, குளிர்காய்வது, வீட்டில் நோய் வந்தால் மருந்து, எல்லாம் அதற்குள். ஒரு நாள் ஒருவர் வருகிறார். தாள்கள் சரி. "பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு காட்டுங்கள்" என்கிறார். அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். விட்டால் உடனே எச்சரிக்கைச் சீட்டு வந்து விழும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கையோடு சரி; மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். ஆக, அன்று ஏற்கனவே இரண்டு தவறு செய்துவிட்டவருக்கு இரக்கம் காசு கேட்கும்! இந்தக் கணக்கை எந்த நீதிபோதனை வகுப்பு நடத்தியிருக்கிறது?

நம்ம ஊருக்கு வருவோம். பெரம்பூர் – பெசன்ட் நகர் 29சி. நெரிசலில் ஒருவன் ஒரு பெண்ணிடம் வம்பு செய்கிறான். பேருந்தில் அத்தனை பேருக்கும் திடீரென்று கைபேசியில் முக்கியமான வேலை வந்துவிடுகிறது. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. முதல் ஆளாக வாய் திறந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தைக் கேட்டு ஒரு சோதனை செய்தார். கூடவே இருந்த எல்லோரும் ஆஷ் முன்பே சொல்லிவைத்தபடி தப்பாகச் சொன்னபோது, கண்ணால் பார்த்தும் பலர் அதையே சொன்னார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்த ஆமாம்சாமிப் போக்கு வெகுவாகக் குறைந்தது.

இதை அப்படியே சீட்டு விளையாட்டாக்கலாம். ஆடுகிறவர்கள் பேருந்துப் பயணிகள். முதலில் எழுந்து கேட்பவருக்கு இரண்டு நிறுத்தம் நஷ்டம், கூடச் சேர்பவருக்கு ஒன்று, மூன்றாவது ஆளுக்கு ஒன்றுமில்லை. ஒரே நிபந்தனை: சீட்டைப் போட்டால் போதாது, "அண்ணே, தள்ளி நில்லுங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் முறை பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, கூச்சம் அங்கேயே போய்விடும்.

ஒரு ஆட்டத்தில் வீரன் பிறந்துவிடுவான் என்று நான் சொல்லவில்லை. நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரே ஒரு கேள்வி. எதிரணியினரே, 'தப்பைத் தட்டிக் கேள்' என்று பிள்ளைகளுக்கு ஆயிரம் முறை சொன்னீர்களே, அதை ஒரு முறையாவது அவர்களைச் சொல்லிப் பார்க்க வைத்தீர்களா?