மலையகக் குளிரில் ஜப்பானிய மேப்பிள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். நுவரெலியா, ஹக்கலை, கந்தப்பளைப் பகுதிகளில் வீட்டு முற்றத்தில் ஜப்பானிய மேப்பிள் வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது, அந்த மரம் பழகிய குளிரும் நம்முடைய குளிரும் ஒன்றல்ல என்பதே.

ஜப்பானில் பகற்பொழுது குறுகக் குறுக இந்த மரம் இலைகளைச் சிவக்கவைத்து உதிர்த்துவிட்டு, மாதக்கணக்கில் உறங்கி, இளவேனிலில் மீண்டும் துளிர்க்கிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ ஆண்டு முழுவதும் பகல் நீளம் ஒரு மணித்தியாலம்கூட வேறுபடுவதில்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் துகள் உறைபனி படிந்த அதே புல்லின்மேல் நண்பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஓய்வெடுக்கும் காலம் எதுவென்று மரத்துக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அதனால் அதற்கு நாம்தான் உதவ வேண்டும். ஒக்டோபருக்குப் பிறகு தழைச்சத்துப் பசளையை அறவே நிறுத்திவிடுங்கள். அந்த வேளையில் ஊக்கிவிட்ட இளந்துளிர்தான் ஒரே இரவு உறைபனியில் கருகிப்போகிறது.

குளிர்ந்த காற்று கனமானது. தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் அது சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகையால் தாழ்ந்த மரக்கறிப் பாத்திகளின் ஓரத்தைவிட, சரிவின் நடுப்பகுதியே நல்ல இடம். அங்கும் தென்மேற்குப் பருவக்காற்று நேராகத் தாக்காதபடி ஒரு வேலியோ சுவரோ வேண்டும். காற்றும் உச்சிவெயிலும் சேர்ந்தால் இலைகளின் நுனி பழுப்பாகிச் சுருண்டுவிடும்; நூல்போல இலை பிளந்த வகைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். இலையுதிர்கால நிறத்தை இங்கே உறுதியாக எதிர்பார்க்க முடியாது என்பதால், துளிர்க்கும்போதே சிவந்திருக்கும் 'பிளட்குட்' போன்ற வகையைத் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

மழையைப் பற்றி இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். இதன் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. நீர் தேங்கினால் அழுகல் நோய் விரைந்து பற்றிக்கொள்ளும். மண்ணைச் சிறு மேடாக உயர்த்தி நடுங்கள். புளிப்பு மண் இதற்கு ஏற்றதுதான். ஆனால் தேயிலை மண் பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரையான பி.எச். அளவில் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) இருக்க, மேப்பிளோ 5.5 முதல் 6.5 வரையில் செழிப்பதால், மக்கிய கூட்டெருவை நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். மூடாக்காகப் பரப்பும் காய்ந்த இலைகள் தண்டைத் தொடாமல் நான்கு விரல் அகலம் தள்ளியிருக்க வேண்டும்.

கிளை வெட்டுவதைத் தேயிலைக் கவ்வாத்துப்போல் எண்ணிவிடாதீர்கள். மொட்டுகள் எதிரெதிராக இரண்டிரண்டாக அமைந்திருக்கும். அந்தச் சோடிக்குச் சற்று மேலே, கூரிய கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஒரு கிளை பட்டுவிட்டதா என்ற ஐயம் வந்தால் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப்பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடலாம். ஒட்டுக்கட்டிய கன்றாயின், ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிர்களைக் கண்டவுடன் அகற்றுங்கள். விட்டால் அடிக்கன்றே வளர்ந்து மேலுள்ள மரத்தை நலியச் செய்துவிடும்.