வட்டியில் பிடித்த பணம் யாருடையது?

நேயர்களுக்கு அன்பான வணக்கம். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜூன் பிறந்துவிட்டால் வடசேரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாஸ்புக், பான் கார்டு, பேங்கில் கொடுத்த ஏதோ ஒரு தாள், எல்லாம் ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி வைத்திருக்கும். வருமான வரி பற்றி அவர்கள் கேட்பதில் ஒரு கேள்வியைத்தான் இன்று முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். பேங்கிலேயே வரி பிடித்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு ரிட்டர்ன்? வருமானத்தையும் வரியையும் எழுதி வருமான வரித் துறைக்கு வருடந்தோறும் கொடுக்கிற கணக்குத்தான் ரிட்டர்ன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மை இருக்கிறார். சொந்தம் இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்தே பெரியம்மை என்றுதான் கூப்பிடுவேன். 2021-இல் பெரியப்பா காலமானார். அவருடைய ஓய்வுக்காலப் பணம் 16 லட்சத்தை பெரியம்மை தன் பெயரில் டெபாசிட் போட்டார். வருடத்துக்கு 96,000 ரூபாய் வட்டி. குடும்ப ஓய்வூதியம் மாதம் 12,000. 2023 ஜனவரியில் ஒருநாள் வந்து, “மக்களே, வட்டி குறைஞ்சு வருதே, என்னான்னு பாரு” என்று பாஸ்புக்கை நீட்டினார். பார்த்தால் நூற்றுக்குப் பத்து டிடிஎஸ், அதாவது வட்டி கொடுக்கும்போதே பேங்கு பிடிக்கிற வரி, போயிருக்கிறது. போன வருடமும் 9,600 ரூபாய் பிடித்திருக்கிறார்கள்.

“பெரியம்மை, இந்தப் பணம் உங்களுக்குத் திரும்ப வரவேண்டியது” என்றேன். “பேங்க்காரன் பிடிச்சாச்சுல்லா, பிறவு எப்படி வரும்?” என்று கேட்டார்.

நேயர்களே, கணக்கு இதுதான். வட்டி 96,000, ஓய்வூதியம் 1,44,000, ஆகமொத்தம் 2,40,000. அன்றைக்கு 60 வயது தாண்டியவர்களுக்கு 3 லட்சம் வரை வரியே கிடையாது. பெரியம்மை ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஆனால் பேங்குக்கு அவருடைய மொத்த வருமானம் தெரியாது. வட்டி ஒரு அளவைத் தாண்டினால் பிடி என்பது சட்டம், பிடித்தார்கள். அது முடிந்த வரி இல்லை. உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் அரசாங்கத்திடம் வரவு வைத்த பணம். நீங்கள் ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் அது ரீஃபண்டாக வரும். கேட்காவிட்டால் அங்கேயேதான் கிடக்கும்.

சரி, போன வருடத்துக்கு உடனே போட்டுவிடலாம் என்றால் முடியவில்லை. ஜூலை 31 தவறினாலும் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். பெரியம்மை வந்தது ஜனவரியில். அதற்கும் பிறகு போடுகிற ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் வரி கட்டத்தான் முடியும், ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக மனுப் போட்டோம். அதற்காகப் பெரியம்மை ஏறி இறங்கிய படிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு வலிக்கிறது. ஒன்பதாயிரத்து அறுநூறு என்பது அவருடைய மருந்துச் செலவு.

அடுத்த ஜூலையில் நேரத்துக்குப் போட்டோம். போட்டபிறகு ஒரு வேலை இருக்கிறது, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். 30 நாளுக்குள் ரிட்டர்னை உறுதிப்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் போட்டதாகவே கணக்கில் வராது. ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு ஓடிபி வரும் என்று காத்திருந்தோம். அந்த நம்பர் மகனுடையது, மகன் மஸ்கட்டில்! வேலை நேரத்தில் அவன் போனை எடுப்பதில்லை. கடைசியில் ஒப்புகைத் தாளில் பெரியம்மை கையெழுத்துப் போட்டு, பெங்களூருவில் இருக்கிற வருமான வரித் துறை மையத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். அதுவும் செல்லும். ஐந்து வாரத்தில் பணம் வந்தது. ஆகவே முதலில் உங்கள் ஆதாரில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்.

பிடிக்காமலே தடுக்கவும் வழி உண்டு. இத்தனை வருடமாக 15 எச் என்று சொல்லிப் பழகிய படிவம். 60 வயதுக்குக் கீழே என்றால் 15 ஜி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் எண்ணை நினைவில் வைக்க வேண்டாம். ‘வட்டியில் பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் படிவம்’ என்று கேளுங்கள். கணக்குப் போட்டால் வரி வராது என்கிறவர்கள் மட்டும் கொடுக்கலாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுக்க வேண்டும். தக்கலையில் ஒரு பேங்கு, மார்த்தாண்டத்தில் ஒரு பேங்கு என்றால் இரண்டு இடத்திலும். 2025 ஏப்ரலிலிருந்து மூத்தவர்களுக்கு ஒரு பேங்கில் வருடத்துக்கு 1 லட்சம் வட்டி வரை பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்பதால் அந்த வட்டிக்கு வரியே இல்லை என்று அர்த்தமில்லை. பிடிப்பது வேறு, வரி வேறு. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே போன்றதுதான் ‘12 லட்சம் வரை வரி இல்லையே’ என்பதும். இப்போதுள்ள இரண்டு வரி முறைகளில் புதியதில் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட வேண்டும். 12 லட்சம் வரை வருகிற வரியைத் தள்ளுபடி செய்கிறார்கள், அவ்வளவுதான். பங்கு விற்ற லாபம் போன்றவற்றுக்கு அந்தத் தள்ளுபடியும் கிடையாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்ஃப் பணம் வராத தெரு குறைவு. மகன் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கு வரி இல்லை. அதை நீங்கள் உங்கள் பெயரில் டெபாசிட் போட்டால், வருகிற வட்டி உங்கள் வருமானம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே வைக்கிற என்ஆர்இ கணக்கு மகனுக்கு இருந்தால், அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. ஆனால் அவன் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டால் பேங்கில் சொல்லிக் கணக்கை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு வரும் வட்டிக்கு வரி உண்டு.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ரப்பர் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். குலசேகரம், அருமனைப் பக்கம் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: சொந்தத் தோட்டத்தில் வெட்டிய பாலை விற்பது விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் ஓய்வூதியமும் வாங்கி, தோட்டத்தில் வருடத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வருமானமும் இருந்தால், சகஜ் என்கிற எளிய படிவம் உங்களுக்குச் செல்லாது. அடுத்த படிவத்தில் போட்டு, அந்த வருமானத்தையும் காட்ட வேண்டும். வணக்கம்.