கழிவு ஒயிலை வீட்டில் வைத்திருப்பது எப்படி? கானில் இருந்து கிணறு வரை

[காட்சி: கிணற்றில் இருந்து மேலே வரும் வாளி. தண்ணீரின் மேல் நிறம் நிறமாக மினுங்கும் படலம்.]

வணக்கம். இந்த வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்கள். வெயில் பட்டதும் நீலம், ஊதா, மஞ்சள் என்று ஒரு படலம் மினுங்குகிறது. இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் இப்படி ஒன்றைக் கண்டதும் உடனே பயந்துவிடத் தேவையில்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் இரும்புத் தன்மை இருக்கிறது. அந்த இரும்பை வைத்து வாழும் பக்டீரியாக்களும் இதே மாதிரிப் படலம் போடும். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு ஈர்க்குப் போதும்.

[காட்சி: ஈர்க்கு நுனி படலத்தைக் குத்துகிறது. மிக அண்மையில்.]

ஈர்க்கால் குத்துங்கள். படலம் காய்ந்த சேறு வெடிப்பது போலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது பக்டீரியா. குத்திய இடத்தைப் படலம் திரும்ப வந்து மூடிக்கொண்டால் அது எண்ணெய்.

2018 மார்கழி வெள்ளம் வடிந்த கிழமை, எங்கள் வீட்டுக் கிணற்றில் நான் இப்படிக் குத்திப் பார்த்தேன். படலம் திரும்ப வந்து மூடியது.

அந்த ஒயில் வேறு எங்கிருந்தும் வரவில்லை. வீட்டோடு சேர்த்து இறக்கிய தகரப் பத்திக்குள், ட்ராக்டரில் இருந்து கழற்றிய கறுப்பு ஒயில் இரண்டு கானில் இருந்தது. ஒரு கானுக்கு மூடி இல்லை. பொலித்தீன் துண்டை வைத்துக் கட்டியிருந்தோம். இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. எங்கள் பத்திக்குள்ளும் வந்தது. ஒயில் தண்ணீரைவிட இலேசு. பாதி நிரம்பிய கான் படகு மாதிரி மிதந்து, சரிந்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டது. தண்ணீர் வற்றிய பிறகு பார்த்தால், சுவர் நீளத்துக்கும் முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு. கிணற்றுக் கட்டிலும் அதே கோடு. பல மாதம் குடிதண்ணீருக்குக் கானோடு அடுத்த ஒழுங்கைக்கு அலைந்தோம். கொதிக்க வைத்தால் இந்த ஒயில் போகாது. குளோரின் போட்டாலும் போகாது.

அதனால்தான் இந்த வீடியோ. கழிவு ஒயிலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாள் வரை வீட்டில் எப்படி வைத்திருப்பது என்பதுதான் இன்றைய விடயம்.

[காட்சி: வளவுக்குள் நிற்கும் மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர், தண்ணீர்ப் பம், ட்ராக்டர்.]

முதலில் அளவைப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர். லாண்ட்மாஸ்டருக்கு, அதாவது கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு மெஷினுக்கு, இரண்டு, மூன்று லீற்றர். எங்கள் ஊர்களில் ஓடும் நடுத்தர ட்ராக்டர் எஞ்சினுக்கு ஆறு, ஏழு லீற்றர். காலபோக உழவு, சூடடிப்பு, மண் ஏற்றுவது என்று வருடத்துக்கு நான்கு தடவை மாற்றினாலே ட்ராக்டரில் மட்டும் 28 லீற்றர் வரை சேரும். ஒரு வீட்டில் ஒரு பெரிய கான் நிரம்பி வழிகிற அளவு இது. நகரத்தில் சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் மாற்றுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. எங்களுக்கு வயல் கரையில், மரநிழலில்தான் ஒயில் மாற்றம்.

புது ஒயில் தேன் நிறம். வெளியே வருவது கறுப்பு. எஞ்சினுக்குள் எரிபொருள் அரைகுறையாக எரிந்த கரி, அதோடு வரும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள், தேய்ந்த இரும்பு, செம்பு, ஈயம் போன்ற உலோகத் துகள்கள், கொஞ்சம் டீசல் எல்லாம் அதற்குள் கரைந்தும் மிதந்தும் கிடக்கின்றன. ஒரு தடவை ஒயில் மாற்றும்போது வரும் கழிவு 10 இலட்சம் கலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. எண்ணெய் கிணற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று வட மாகாணத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கும்படி 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

[காட்சி: நிலத்தில் வரிசையாக வைத்த கான்களும் போத்தல்களும்.]

சரி, எதில் ஊற்றி வைப்பது?

மிக நல்லது, புது ஒயில் வந்த அதே கான். இறுக்கிப் பூட்டும் மூடியோடு இருக்கும். அது இல்லாவிட்டால் தடித்த பிளாஸ்ரிக் கான், கழுவி நன்றாகக் காயவைத்தது. தகரப் பரலும் (பீப்பாயும்) சரிதான். ஆனால் அடிப்பக்கம் கறல் பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

வேண்டாதவை இரண்டு. ஒன்று, சோடாப் போத்தல், தண்ணீர்ப் போத்தல். கறுப்பு ஒயில் அதற்குள் இருந்தால் கோலா மாதிரியே தெரியும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை எதையும் யோசிக்காது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. இரண்டாவது, களைநாசினி, பூச்சிமருந்துக் கான். வயல் உள்ள வீடுகளில் இவைதான் நிறையக் கிடக்கும், கைக்கு முதலில் வருவதும் இவைதான். உள்ளே ஒட்டியிருக்கும் மருந்து ஒயிலோடு சேர்ந்தால், அந்த ஒயிலைப் பிறகு சுத்திகரிக்கவும் முடியாது, பாதுகாப்பாக எரிக்கவும் முடியாது. ஒரு கான் கெட்டால், அதைக் கொண்டுபோய் ஊற்றும் பரல் முழுவதும் கெடும்.

கலப்படம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரேக் ஒயில், ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சைத் திரவம், பெற்றோல், தின்னர் எதையும் கழிவு எஞ்சின் ஒயிலோடு சேர்க்காதீர்கள். எஞ்சின் ஒயில் இலகுவில் தீப்பிடிக்காது. தீப்பற்றும் அளவுக்கு ஆவியாக அது 200 பாகைக்கு மேல் சூடாக வேண்டும். அதற்குள் பெற்றோல் கொஞ்சம் சேர்ந்தாலே கதை மாறிவிடும். ரேடியேட்டர்த் திரவம் இனிப்புச் சுவை உடையது, நாய் நக்கிப் பார்க்கும். அது நஞ்சு. அதற்குத் தனிக் கான் வையுங்கள்.

மழைத்தண்ணீரும் கலப்படம்தான். தண்ணீர் சேர்ந்த ஒயில் பால் கோப்பி நிறத்துக்கு வந்துவிடும். (எஞ்சினில் இருந்து கழற்றும்போதே அந்த நிறத்தில் வந்தால், எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது என்று அர்த்தம், ட்ராக்டரை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.) கானின் அடியில் தண்ணீர் தங்கியிருந்தால், அதை வடித்து வளவுக்குள் ஊற்றிவிடாதீர்கள். அந்தத் தண்ணீரும் ஒயில்பட்டதுதான். வாங்குகிறவரிடம் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

[காட்சி: ட்ராக்டருக்குக் கீழே அகலத் தாச்சி. ஒயில் நூலாக இறங்குகிறது.]

கழற்றும்போது எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் முழுவதும் இறங்கும். கொதிசூட்டில் கழற்றினால் கை வெந்துவிடும். கையுறை போடுங்கள், இந்த ஒயில் வருடக்கணக்காகத் தோலில் படுவது நல்லதில்லை. கையில் பட்டால் பெற்றோலால் கழுவாமல், தேங்காயெண்ணெய் கொஞ்சம் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள்.

ஒயில் பில்டரைக் கழற்றியதும் வேலிக்கு அப்பால் எறிகிறோம். அதற்குள் இன்னும் ஒயில் தங்கியிருக்கிறது. சூடாக இருக்கும்போதே மேல்பக்கத்தில் ஓர் ஆணியால் துளை போட்டு, தாச்சிக்கு மேல் கவிழ்த்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாச்சியில் வடிந்து கிடப்பதைப் பார்த்தால் அதன்பிறகு எறிய மனம் வராது.

[காட்சி: பத்திக்குள் சீமெந்துக் கல் அடுக்கு. அதன்மேல் பாதியாக வெட்டிய நீலப் பரல். அதற்குள் கான்.]

இதுதான் இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உயரம். 2018 வெள்ளக் கோடு சுவரில் எங்கே நின்றதோ, அதைவிட ஒரு சாண் மேலே கான் இருக்கும்படி கல் அடுக்கியிருக்கிறோம். உங்கள் வளவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். அதுதான் உங்கள் அளவு. கானைக் கயிற்றால் பத்தியின் கப்போடு (மரத்தூணோடு) சேர்த்துக் கட்டியும் விடுங்கள். மழைக்காலம் தொடங்குகிற ஐப்பசிக்கு முன்னரே, சேர்ந்ததைக் கொடுத்துவிட முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

கீழே ஒரு ஏந்து பாத்திரம். கான் வெடித்தால் ஒயில் முழுவதையும் ஏந்தக்கூடியதாக இருக்க வேண்டும். 20 லீற்றர் கான் என்றால் ஏந்துவது 22 லீற்றராவது கொள்ள வேண்டும். பழைய பரலைப் பாதியாக வெட்டினாலே போதும், காசு செலவில்லை.

வெயில் படக்கூடாது. எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே வைத்த கான் கன்னம் ஊதியது போல உப்பிவிடும். அதனால் வாய்வரை நிரப்பாமல் மேலே மூன்று விரல் இடம் விடுங்கள். அடுப்படியில் இருந்து தள்ளி வையுங்கள். கிணற்றில் இருந்து, வளவில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். எத்தனையோ வளவுகளில் பத்திக்கும் கிணற்றுக்கும் இருபது முப்பது அடிகூட இல்லை. மணல் நிலமாக இருந்தால் சிந்தியது வேகமாகக் கீழே இறங்கிவிடும்.

கானின் மேல் பெரிய எழுத்தில், "கழிவு ஒயில், குடிக்கக் கூடாது" என்றும், ஊற்றத் தொடங்கிய மாதமும் எழுதுங்கள்.

பக்கத்தில் ஒரு சாக்கு உமி. ஒயில் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவத்தான் எல்லோருக்கும் கை போகும். கழுவினால் ஒயில் வாய்க்காலுக்குப் போகும், அவ்வளவுதான். உமியைக் கொட்டி, கால்மணி நேரம் விட்டு, கூட்டி அள்ளி, தனிப் பையில் கட்டி வையுங்கள். மரத்தூளும் மணலும் உதவும். நெல் ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு உமிதான் வசதி.

[காட்சி: வேலிக் கப்பின் அடியில் கறுப்பாக ஊறிய மண்.]

இனி, மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமான பகுதி. 90களில், போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒயில் கிடைப்பது அரிது. கறுத்த ஒயிலைத் துணியால் வடித்துத் திரும்ப எஞ்சினுக்கே ஊற்றினதாக அப்பா சொல்வார். அவரால் இன்றும் ஒரு துளியைக்கூட வீணாக்க முடியாது. கறையான் வராமல் இருக்கக் கப்புக்குப் பூசுவார். ஒழுங்கைப் புழுதிக்குத் தெளிப்பார். நுளம்புக்காகக் குழியில் ஊற்றுவார். நாய்க்குச் சொறி என்றால் தடவுவார். அந்தச் சிக்கனத்தின் பின்னால் இருக்கும் காலம் எனக்குத் தெரியும், அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் கப்பில் பூசிய ஒயில் மழையோடு மண்ணுக்குள் இறங்குகிறது. நாய் தன் உடம்பை நக்கும்போது அந்த ஈயமும் நஞ்சும் அதன் வயிற்றுக்குள் போகின்றன. சொறிக்கு மிருக வைத்தியரிடம் மருந்து இருக்கிறது. நுளம்புக்குக் குழியை மண் போட்டு மூடலாம். திறந்த வெளியில் விறகோடு சேர்த்து எரித்தால் அந்த உலோகங்கள் புகையோடு எங்கள் நெஞ்சுக்குள் வருகின்றன. அப்பாவுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "இதையும் வீணாக்கவில்லை அப்பா, திரும்ப ஒயிலாக்கத்தான் கொடுக்கிறோம்." அதைக் கேட்ட பிறகு கானை அவரே கட்டி வைக்கிறார்.

நான் சும்மா சொன்ன வார்த்தை இல்லை அது. ஒயில் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை, அழுக்காகிறது, அவ்வளவுதான். தண்ணீரை நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, மறுபடியும் எஞ்சினுக்கே ஊற்றும் தரத்துக்குக் கொண்டுவர முடியும். அப்படிச் செய்யாத இடங்களில் சீமெந்துச் சூளையில் எரிபொருளாகப் போகிறது. அங்கே வெப்பம் 1450 பாகை வரை போவதால் நச்சுச் சேர்மங்கள் சிதைந்துவிடும். புத்தளம் சீமெந்து ஆலையில் அபாயகரமான கழிவுகளை இப்படி எரிக்கும் ஏற்பாடு இருக்கிறது.

[காட்சி: ஏ9 வீதியோரம் ஒரு சேர்விஸ் நிலையம். பின்பக்கத்தில் பரல்கள்.]

யாரிடம் கொடுப்பது? கிளிநொச்சி, வவுனியா, மாங்குளம், எங்கே ஒயில் வாங்குகிறீர்களோ, அங்கே உள்ள சேர்விஸ் நிலையத்திலோ கராஜிலோ முதலில் கேளுங்கள். பரலில் சேர்த்து விற்கிறவர்கள் உங்கள் கானையும் வாங்கிக்கொள்வார்கள். கழிவு ஒயில் அபாயகரமான கழிவு. அதைச் சேகரித்து ஏற்றிச் செல்வதற்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். லொறியில் வந்து கேட்கிறவரிடம் பத்திரம் இருக்கிறதா, இது எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. அதிக விலை சொல்லிப் பதில் சொல்லாமல் போகிறவருக்குக் கொடுக்க வேண்டாம். நிறம் தெளியவைத்துப் புது ஒயில் என்று திரும்ப எங்களிடமே விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

கிணற்றுக்குள் ஏற்கெனவே ஒயில் போய்விட்டது என்று தெரிந்தால், குடிப்பதையும் சமைப்பதையும் அன்றே நிறுத்துங்கள். சவர்க்காரத் தூள் போட்டுக் கலக்காதீர்கள். படலம் கண்ணுக்கு மறையும், ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லி, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

[காட்சி: சேர்விஸ் நிலையத்தில் கான் கவிழ்ந்து பரலுக்குள் ஒயில் இறங்குகிறது. கடைசித் துளி.]

ஊற்றி முடிந்ததும் கானைக் கழுவாதீர்கள். கழுவுகிற தண்ணீரை எங்கே ஊற்றுவது? மூடியை இறுக்கிப் பூட்டி, மோட்டார் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த உழவுக்கும் அதே கான்தான்.